சளி யாரைப் பிடித்தது?

நான்கு நாளாக மூக்கு என் பேச்சைக் கேட்பதில்லை. இடது பக்கம் புரண்டு படுத்தால் இடது மூக்கு அடைத்துக்கொள்கிறது, வலது பக்கம் திரும்பினால் பத்து நிமிடத்தில் அடைப்பும் வலது பக்கம் வந்துவிடுகிறது, நிமிர்ந்து படுத்தால் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம். இப்படி ஒரு சாயங்காலம்தான் அக்கா மகளிடம் போனில் பேசினேன். பதினோரு வயது. என் குரலைக் கேட்டதுமே, "என்ன மாமா, சளி பிடிச்சிருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிடிக்கிறதுன்னா எப்படி? அதுக்குக் கை இருக்கா?" என்று கேட்டாள்.

சிரிக்கப் போய்த் தும்மல் வந்து, தும்மல் இருமலாகி, பேச்சு அதோடு நின்றுபோனது. கேள்வி நிற்கவில்லை. நான் உயிரியல் படித்தவன், பட்டமெல்லாம் இருக்கிறது, இருந்தும் 'வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது' என்ற ஒரு வரியை இத்தனை வருடமும் மெல்லாமலே விழுங்கியிருக்கிறேன் என்பது அன்று ராத்திரி மூன்று மணிக்குத்தான் உறைத்தது. நுழைவதற்கு முன்னால் ஒட்ட வேண்டுமே. எதில் ஒட்டுகிறது? ஒட்டினது ஏன் வழுக்கிக்கொண்டு போய்விடவில்லை? என் மனதில் இருந்த படம், ஏதோ முள்ளுருண்டை ஒன்று செல் சவ்வில் வந்து குத்திக்கொண்டு நிற்பது. அந்தப் படம் கிட்டத்தட்ட முழுக்கத் தப்பு. தூக்கம் எப்படியும் வரவில்லை, சரி என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

தமிழில் இந்த நோய்க்கு இருக்கும் பெயர்களே வேடிக்கையானவை. ஜலதோஷம் என்றால் பழி தண்ணீர்மேல். நீர்க்கோவை என்றாலும் அதே தண்ணீர்தான். தடிமன் என்பவர்கள் யார்மேலும் பழி போடாமல், தலை கனத்துக் கிடப்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 'சளி பிடித்திருக்கிறது' என்பதில் மட்டும்தான் எதுவோ வந்து பற்றிக்கொண்டது என்ற தகவல் இருக்கிறது, ஆனால் பற்றியது சளி இல்லை, சளி பிற்பாடு வருவது. பற்றியது பெரும்பாலும் ரைனோவைரஸ். ரைனோ என்றால் கிரேக்க மொழியில் மூக்கு; காண்டாமிருகத்துக்கு ரைனோ என்று பெயர் வந்ததும் அந்த மூக்கால்தான். ஏ, பி, சி என்று மூன்று இனம், அவற்றுக்குள் 160-க்கு மேற்பட்ட வகைகள்.

இது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றால் வருகிறது என்று 1914-லேயே வால்டர் க்ரூஸ என்ற ஜெர்மானியர் காட்டிவிட்டார். சளி பிடித்தவரின் மூக்கு நீரை, பாக்டீரியா எதுவும் தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்து, நன்றாக இருந்தவர்களின் மூக்கில் விட்டார். அவர்களில் சிலருக்கும் சளி. அப்புறம் இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊரில் 1946-இலிருந்து 1990 வரை சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. ஆட்கள் பத்து நாள் விடுமுறை கழிப்பது போல அங்கே வந்து தங்கி, மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டு, தும்முவதற்காகக் காத்திருந்தார்கள். அங்கே டேவிட் டிரெல் குழுவினர் இந்த வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப் படாதபாடுபட்டு, கடைசியில் வெப்பநிலையை 33 டிகிரிக்கு இறக்கிய பிறகுதான் நன்றாக வளர்ந்தது. மூக்கின் உள்பக்கம் உடம்பின் 37 டிகிரியைவிடக் குளிர்ந்த இடம், அதுதான் இதற்குப் பிடித்த வீடு. குளிருக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லை என்று இனிமேல் யாரிடமும் அடித்துப் பேச மாட்டேன்.

சரி, ஒட்டுகிற கதைக்கு வருவோம். எண்களாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது என்பதால், எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். கணக்கு சுலபம்: ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். ரைனோவைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர், எனவே 3 சென்டிமீட்டர். ஒரு பெரிய நெல்லிக்காய். மூக்கின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல் ஒவ்வொன்றும் பல மாடிக் கட்டடம். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர்தான் செல் சவ்வு, அதன் தடிமன் ஏழெட்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுவும் கெட்டிச்சுவர் இல்லை. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று உண்டான எண்ணெய்ப் படலம், எப்போதும் ததும்பிக்கொண்டே இருக்கும், அதில் புரதங்கள் மிதந்து மிதந்து இடம் மாறிக்கொண்டிருக்கும். மொட்டைமாடியில் சுமார் 200 நுண்மயிர்கள், ஒவ்வொன்றும் ஆறேழு மீட்டர் உயரம், கால் மீட்டர் பருமன். மாடியில் ஒரு தென்னந்தோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பு முழுக்க விநாடிக்குப் பத்துத் தடவைபோல ஒரே பக்கமாக அடித்து வீசுகிறது, அதன் உச்சிமேல் சளிப் படலம் ஆறாக ஓடுகிறது.

அந்த ஆற்றின் வேகத்தைப் பார்க்கப் பழைய சோதனை ஒன்று உண்டு. மூக்குக்குள் முன்பக்கமாக ஒரு துணுக்குச் சாக்கரினை வைத்துவிட்டு, தொண்டையில் எப்போது இனிக்கிறது என்று மருத்துவர் கேட்பார். நல்ல மூக்கென்றால் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் இனித்துவிடும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். நம் பெரிதாக்கிய உலகத்தில் அது நிமிடத்துக்கு 5 கிலோமீட்டர், மணிக்கு 300. அந்த வெள்ளத்தில் ஒரு நெல்லிக்காய் விழுகிறது. அது எங்கே கரை ஒதுங்க முடியும்?

இதற்கான பதிலைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு பின்பக்கமாக ஓடுகிறது, மூக்கு முடிந்து தொண்டை தொடங்கும் இடத்துக்கு. அங்கேதான் அடினாய்டு சதை இருக்கிறது. ரைனோவைரஸ் பிடித்துக்கொள்ளும் அந்தக் குறிப்பிட்ட கைப்பிடி, மூக்கின் மற்றப் பகுதிச் செல்களில் சாதாரண நாட்களில் மிகவும் குறைவு; அடினாய்டின் மேல்தோல் செல்கள் சிலவற்றில்தான் அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1990-களில் அடினாய்டுத் திசுவை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், தொற்று தொடங்கும் வாசல் இதுவாக இருக்கலாம் என்றார்கள். அதாவது வேண்டாததை வாரிக்கொண்டு போக வேண்டிய ஆறே, திருடனை ஏற்றிக்கொண்டு போய்த் திறந்திருக்கும் வாசலில் இறக்கிவிடுகிறது. எனக்குச் சளி வரும் முதல் நாள் எப்போதும் அண்ணத்துக்குப் பின்னால், விரலோ நாக்கோ எட்டாத ஓர் இடத்தில் கரகரவென்று இருக்கும். அதற்கு இப்போது முகவரி கிடைத்துவிட்டது.

அந்தக் கைப்பிடியின் பெயர் ஐகேம்-1. விரித்துச் சொன்னால் 'செல்களுக்கிடையே ஒட்டும் மூலக்கூறு - 1'. பெயரிலேயே ஒட்டுதல் இருக்கிறது, ஆனால் வைரஸை மனதில் வைத்து இட்ட பெயர் இல்லை. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள், காயமோ தொற்றோ இருக்கும் இடம் வந்தால் இறங்க வேண்டும். அந்த ஓட்டத்தில் எப்படி நிற்பது? அந்த இடத்து இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஐகேம்-1 கம்பிகளை நீட்டிக்கொண்டு நிற்கும். உருண்டு வருகிற வெள்ளை அணு அவற்றைப் பற்றி நின்று, சுவர் இடுக்கில் புகுந்து வெளியேறும். கிளம்பிவிட்ட பேருந்தில் தொற்றி ஏறுகிறவர் கம்பியைப் பிடிப்பாரே, அதற்கு நேர் மாறாக, இங்கே ஓடிக்கொண்டிருப்பவர் நிற்பதற்காகப் பிடிக்கிறார். நம் காவல்படை இறங்குவதற்காக நாமே பொருத்திவைத்த கம்பி அது. நம் பெரிதாக்கிய கணக்கில் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம், ஐந்து மணிகளைக் கோத்து லேசாக வளைத்துவிட்ட குச்சி மாதிரி. வைரஸ் பிடிப்பது அதன் நுனி மணியை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நான் இத்தனை காலம் தப்பாக நினைத்திருந்த இடம் இதுதான். வைரஸ் 'செல் சவ்வில் ஒட்டுகிறது' என்று எழுதுகிறோமே தவிர, ரைனோவைரஸ் முதலில் தொடுவது சவ்வின் கொழுப்பை இல்லை. அந்தப் படலத்தில் கால் ஊன்றி வெளியே தலைநீட்டும் புரதத்தைத்தான் பிடிக்கிறது. அந்தப் புரதம் இல்லாத செல்மேல் எத்தனை வைரஸைக் கொட்டினாலும் பெரும்பாலும் வீண்தான். சின்ன வயதில் புதருக்குள் விளையாடிவிட்டு வந்தால் துணி முழுக்க நாயுருவி ஒட்டியிருக்கும், எனக்கு முதலில் அந்த ஞாபகம்தான் வந்தது. ஆனால் நாயுருவிக்குத் துணி, நாய், ஆடு எல்லாம் ஒன்றுதான், எது உரசினாலும் ஏறிக்கொள்ளும். ரைனோவைரஸுக்குக் கோடி பொருட்களில் ஒரே ஒரு நுனி மணி வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த வழியும் அழகு. 1980-களில் ஆய்வாளர்கள் நாற்காலி விளையாட்டு போல ஒன்று செய்தார்கள். ஒரு வகை ரைனோவைரஸை செல்கள்மேல் தாராளமாகக் கொட்டி, இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பிவிடுவது. அப்புறம் இன்னொரு வகையைக் கொடுத்து, அதற்கு உட்கார இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பது. கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் ஒரே நாற்காலி என்று அர்த்தம். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், பெரும்பாலான வகைகள் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டன, மீதிக் கொஞ்சம் இன்னொரு நாற்காலிக்கு. பிறகு மனிதச் செல்களை எலிக்குச் செலுத்தி, எலி உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள்களில் (அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடம்பு செய்யும் புரதங்கள்) எது வைரஸை ஒட்டவிடாமல் தடுக்கிறது என்று சலித்துத் தேடினார்கள். அது போய் ஒட்டும் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், வெள்ளை அணுக்காரர்கள் மூன்று வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துப் பெயர் சூட்டியிருந்த ஐகேம்-1. 1989-இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த முடிவுக்கு வந்தன.

சரி, நெல்லிக்காயின் தரப்பில் என்ன இருக்கிறது? 1985-இல் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ராஸ்மன் குழு, ரைனோவைரஸ் 14 என்ற வகையைப் படிகமாக்கி, எக்ஸ்கதிரால் அதன் உருவத்தை அணு அணுவாக வரைந்தது. நான்கு புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதி, எல்லாம் சேர்ந்து இருபது முகம் கொண்ட ஓர் ஓடு. முள்ளும் இல்லை, கொக்கியும் இல்லை. மாறாகப் பள்ளம் இருந்தது. ஓட்டின் மேல் 12 மேடுகள், ஒவ்வொரு மேட்டையும் சுற்றிக் கோட்டை அகழிபோல ஒரு பள்ளம், ஆழம் இரண்டு நானோமீட்டருக்குச் சற்று மேலே, அதாவது நெல்லிக்காயில் இரண்டு மில்லிமீட்டர் கீறல். ஐகேம்-1-இன் நுனி மணி போய் உட்காருவது அந்த அகழிக்குள். ஒரு வைரஸில் அப்படி 60 இடங்கள்.

ராஸ்மன் அதை வைத்து ஒரு யோசனை சொன்னார். நம் எதிர்ப்பொருளின் கை சுமார் மூன்றரை நானோமீட்டர் அகலம், அகழியோ குறுகல், ஐகேம்-1 ஒல்லியான குச்சி. எனவே வைரஸ் தன் பிடிமானத்தை எதிர்ப்பொருளின் கைக்கு எட்டாத பள்ளத்தில் ஒளித்துவைத்திருக்கிறது. கரையில் இருப்பதை மாற்றிக்கொண்டே போனாலும் அடியில் இருப்பதை மாற்றுவதில்லை, மாற்றினால் ஒட்ட முடியாது. எதிர்ப்பொருள் பார்ப்பதெல்லாம் கரையைத்தான், கரை வகைக்கு வகை வேறு. ஒரு சளிக்கு எதிராக நம் உடம்பு பழகினது அடுத்த சளிக்கு உதவாமல் போவதும், இத்தனை வகைக்கும் சேர்த்துத் தடுப்பூசி செய்வது இவ்வளவு கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். இவ்வளவு அழகான யோசனையில் ஓட்டை விழாமல் இருக்குமா? 1996-இல் ஓர் எதிர்ப்பொருள் அகழிக்குள்ளேயே கை விட்டுத் தொடுவதைப் படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள். ஆகவே ஒளித்துவைப்பு என்பது முழு உண்மை இல்லை. ஆனாலும் கரை மாறும், அடி மாறாது என்ற பகுதி இன்றும் நிற்கிறது, எனக்கு அதுவே போதும்.

பாடப்புத்தகங்கள் எல்லாம் இந்த இடத்தில் பூட்டையும் சாவியையும் கொண்டுவந்துவிடும். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. சாவி ஒரு தடவை பொருந்தினால் பொருந்தியதுதான். இங்கே நடப்பது வேறு. அகழிக்கும் நுனி மணிக்கும் நடுவே இருப்பது எதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்புகள், தண்ணீரை ஒதுக்கிவிட்டு நெருங்கும் சில பரப்புகள், அவ்வளவுதான். தனியே பார்த்தால் எல்லாம் பலவீனமானவை. ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்த வைரஸ் எளிதில் நழுவிப்போகும். ஆனால் சவ்வு எண்ணெய்ப் படலம் என்றேனே, அதில் ஐகேம்-1 குச்சிகள் மிதந்து நகரும். முதல் குச்சியில் தொங்கி ஆடும் வைரஸ்மேல் பக்கத்தில் மிதந்து வந்த இரண்டாவது குச்சி பட்டு மாட்டிக்கொள்ளும், பிறகு மூன்றாவது. ஒன்று நழுவும் நேரத்தில் மற்றவை பிடித்திருக்கும், நழுவியது மறுபடி மாட்டிக்கொள்ளும். ஒரு பெரிய பிடி எங்குமே கிடையாது, சின்னச் சின்னப் பிடிகளின் எண்ணிக்கைதான் வைரஸை நிறுத்துகிறது.

இந்த ஒட்டுதலை மட்டும் தனியாக நிறுத்திப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் ஒரு எளிய தந்திரம் வைத்திருக்கிறார்கள். செல்களைப் பனிக்கட்டியில் வைத்து 4 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள், பிறகு வைரஸை ஊற்றுவார்கள். அந்தக் குளிரிலும் வைரஸ் ஒட்டும், ஏனென்றால் ஒட்டுவதற்கு யாரும் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை, மோதினால் போதும். உள்ளே மட்டும் போகாது. ஒட்டாததையெல்லாம் கழுவிக் கொட்டிவிட்டு, செல்களைச் சூடான இடத்துக்கு மாற்றினதும், அதுவரை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகத் தொடங்கும். குளிரில் வைரஸுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. செல்லுக்குத்தான் சவ்வை வளைத்து உள்ளே இழுக்கும் சக்தி குளிரில் இல்லை. இதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது: நுழைவது என்ற வினைச்சொல் வைரஸுக்குச் சொந்தமே இல்லை. அதற்குக் காலில்லை, மோட்டார் இல்லை, எரிபொருள் இல்லை. இழுத்துக்கொள்வது செல்.

எப்படி இழுக்கிறது என்றால், சவ்வு உள்பக்கமாகக் குழிந்து, வைரஸைச் சுற்றி மூடி, ஒரு பையாகக் கிள்ளி எடுத்துக்கொள்கிறது. எண்டோசோம் என்பது அந்தப் பை. செல் தனக்கு வேண்டிய சாமான்களை நாள் முழுக்க இப்படித்தான் வாங்கிப்போட்டுக்கொள்கிறது, உள்ளே வந்ததைப் பிரிப்பதற்காகப் பைக்குள் அமிலத்தை ஏற்றும். நமக்கு அது வழக்கமான சமையலறை வேலை, வைரஸுக்கு அதுதான் சமிக்ஞை. அகழியில் ஐகேம்-1 உட்கார்ந்ததிலிருந்தே ஓடு நெகிழத் தொடங்கியிருக்கும், அமிலம் மீதியை முடித்துவைக்கும். நான்கு புரதங்களில் உள்ளே மடங்கி ஒளிந்திருந்த மிகச் சிறியது வெளியே வந்து பையின் சவ்வில் பொத்தல் போட உதவுகிறது. வைரஸ் உண்மையிலேயே செல்லின் கொழுப்புப் படலத்தில் கை வைப்பது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் உள்ளே வந்த பிறகு. பொத்தல் வழியே, ஓட்டுக்குள் சுருண்டிருந்த ஒற்றை ஆர்என்ஏ இழை, அதாவது வைரஸின் மரபுக் குறிப்பு, செல்லுக்குள் போய்விடும். மொத்தம் 7,200 எழுத்துகள் போல. இந்தக் கட்டுரையில் இருக்கும் எழுத்துகளை எண்ணினால் அதைவிட அதிகம் வரும்.

இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்ததே, அதையும் சொல்லிவிடுகிறேன். சுமார் ஒரு டஜன் வகைகள் ஐகேம்-1-ஐத் தொடுவதில்லை. அவை பிடிப்பது எல்டிஎல் ஏற்பியை. ஆமாம், இரத்தப் பரிசோதனைத் தாளில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று நம்மை மிரட்டுகிற அதே எல்டிஎல்லைச் செல்லுக்குள் வாங்கிக்கொள்ளும் ஏற்பி. இதன் செயல்பாட்டை விளக்கியதற்காக பிரௌனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஒன்பது வருடம் கழித்து வியன்னாவில் ஒரு குழு, சில சளி வைரஸ்களும் அதே கதவில்தான் வருகின்றன என்று கண்டுபிடித்தது. இந்த ஏற்பி அகழிக்குள் போவதில்லை, அகழி சுற்றியிருக்கும் மேட்டின்மேல் படர்ந்து ஒட்டுகிறது. ஒரே குடும்பத்து வைரஸ்கள், ஒரே மாதிரி ஓடு, ஆனால் பிடிக்கும் இடமும் பிடிக்கும் பொருளும் வேறு. அமிலம் ஏறியதும் எல்டிஎல்லை விட்டுவிட்டு மறுபடி மேலே போய் நிற்பதுதான் அந்த ஏற்பியின் அன்றாட வேலை. வைரஸையும் அப்படியே பையில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது இனமான சி, 2006 வரை யார் கண்ணிலும் படவில்லை. காரணம் எளிது. வைரஸ் வளர்க்க வழக்கமாக வைத்திருந்த செல்களில் அதற்கு வேண்டிய கைப்பிடி இல்லை, அதனால் வளரவே இல்லை. குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைத் தூண்டுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2014-இல் டென்மார்க்கில் கடுமையான ஆஸ்துமாவால் மருத்துவமனைக்கு வரும் சிறு குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது சிடிஎச்ஆர்3 என்ற புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் அடிக்கடி தென்பட்டது. அடுத்த வருடமே அமெரிக்காவில் வேறொரு குழு, சி இனம் பற்றுவது அந்தப் புரதத்தைத்தான் என்று காட்டியது. அந்த எழுத்து மாறியவர்களின் செல்களில் சிடிஎச்ஆர்3 மேற்பரப்பில் அதிகமாக வந்து நிற்கிறது. வைரஸுக்குக் கைப்பிடிகள் கூடிவிடுகின்றன. அந்தப் புரதம் இருப்பதும் நுண்மயிர் உள்ள செல்களில்தான், மேலே சொன்ன தென்னந்தோப்புக் கட்டடங்களில். இரண்டு நாட்டு ஆய்வுகள், ஒருவர் நோயாளியிடமிருந்து தொடங்கினார், இன்னொருவர் வைரஸிடமிருந்து, நடுவில் ஒரே புரதத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் நான் அறிவியல் படிக்கிறேன்.

சளி தருவது ரைனோவைரஸ் மட்டும் இல்லை. கொரோனா குடும்பத்தில் சாதாரணச் சளி தருபவை நான்கு இருக்கின்றன, அவற்றில் என்எல்63 என்பது கோவிட் வைரஸ் பிடிக்கும் அதே ஏசிஇ2 புரதத்தைப் பிடிப்பது, 229இ வேறொரு புரதத்தை, ஓசி43 புரதத்தை விட்டுவிட்டு அதன்மேல் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரையை. அடினோவைரஸ்களில் பல, செல்லையும் செல்லையும் இணைக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கின்றன. கொரோனாவுக்குச் சுற்றிலும் தன் சொந்தக் கொழுப்புறை உண்டு, அதைச் செல் சவ்வோடு கலந்துவிட்டு உள்ளே போகும்; ரைனோவைரஸுக்கு உறை கிடையாது, அதனால்தான் பொத்தல் வேலை.

ஒட்டுவதைத் தடுத்துவிட்டால் கதை முடிந்ததே என்று எல்லாருக்கும் தோன்றும், தோன்றவும் செய்தது. ஐகேம்-1-இன் வெளிப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, சவ்வில் நடாமல் கரைசலாக மூக்கில் அடித்தால் என்ன? வைரஸ் அந்தப் போலிக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு எங்கும் போக முடியாமல் நிற்கும். 177 தன்னார்வலர்களின் மூக்கில் வேண்டுமென்றே ரைனோவைரஸை விட்டுச் சோதித்து, 1999-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறும் கரைசலை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேருக்குச் சளி வந்தது, நிஜ மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம். பலன் இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை அடிக்க வேண்டும், அதையும் வைரஸ் வருவதற்கு முன்போ வந்து அரை நாளுக்குள்ளோ தொடங்கியிருக்க வேண்டும். சளி பிடிக்கப்போகிறது என்று அரை நாள் முன்னால் யாருக்குத் தெரியும்? எனக்கு இரண்டாவது நாள்தான் கைக்குட்டையே ஞாபகம் வந்தது.

இன்னொரு முயற்சி பிளெகோனரில் என்ற மாத்திரை. அகழியின் அடித்தளத்துக்குக் கீழே ஒரு சிறு பொந்து இருக்கிறது, அதில் போய் இது அடைத்துக்கொள்ளும். ரைனோவைரஸின் ஓடு கல் மாதிரி அசையாமல் இருப்பதில்லை, மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். பொந்து அடைபட்டால் ஓடு விறைத்துவிடும், அப்புறம் கைப்பிடி கிடைத்தாலும் அமிலம் ஏறினாலும் திறக்காது. சளி ஒரு நாள் போல முன்னால் குணமானது. அந்த ஒரு நாளுக்காக, கருத்தடை மாத்திரையின் வேலையில் குறுக்கிடும் ஒரு மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுப்பதா என்று 2002-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் எனக்கு இப்போது இருக்கும் அவஸ்தையில் வைரஸின் நேரடிப் பங்கு கொஞ்சம்தான். ரைனோவைரஸ் பிடித்த மூக்கைச் சோதித்துப் பார்த்தால், தொற்றிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும், மூக்கின் உட்சுவர் பெரிதாகச் சேதமாகியிருக்காது. மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் தொண்டை வலிப்பதும் தொற்றிய செல்கள் விடும் அபாயக் குரலுக்கு நம் உடம்பு அனுப்புகிற பதில். அந்தக் குரலின் ஒரு பகுதியாக என்ன நடக்கிறது தெரியுமா? வெள்ளை அணுக்கள் வந்து இறங்க வேண்டுமே என்று அங்கிருக்கும் செல்கள் ஐகேம்-1 கம்பிகளை இன்னும் அதிகமாக வெளியே நீட்டுகின்றன. காவலர்களுக்காக நீட்டியதை அடுத்த சுற்று வைரஸ் பிடித்துக்கொள்கிறது.

நேற்று அக்கா மகளைத் திரும்பக் கூப்பிட்டேன். "அதுக்குக் கை கிடையாதும்மா, அதுகிட்ட ஒரு சின்னப் பள்ளம்தான் இருக்கு. கை நம்மளோடது" என்றேன்.

"அப்ப நீங்கதானா மாமா பிடிச்சீங்க?"

"அப்படித்தான் வச்சுக்கணும்."

"சரி, விட்டுடுங்களேன்."

பிடித்தது ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டது என்றேன். முதல் நாள் ஒட்டிய வைரஸ்களின் ஓடு, ஆர்என்ஏ வெளியே போனதோடு வெறும் கூடாகிவிட்டது, செல் அதைத் துண்டுதுண்டாக்கிச் செரித்திருக்கும். உள்ளே போன வைரஸ் எதுவும் முழு உருவத்தோடு திரும்பி வருவதில்லை.

"அப்ப இப்ப நீங்க தும்முறப்ப வர்றது?"

"எல்லாம் புதுசு. எனக்குள்ளயே செஞ்சது."

"ஐயே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.